ரிசல்ட் வருமுன் அட்வான்ஸ் கட்டாதீர்கள்

பொறியியல் சேர்க்கைக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களில், முன்பணம் கட்டிவிட்டு வந்தவர் இந்த சீசனில் இவர் நான்காவது. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மகளோடு வந்து உட்கார்ந்தார். பெண்ணின் கட்ஆஃப் மதிப்பெண் 200க்கு 188. "எஞ்சினியரிங்குக்கு எந்தக் காலேஜ் நல்லதுங்க சார்?" என்று ஆரம்பித்தவர், பத்து நிமிடம் கழித்துத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து வைத்தார். ஏப்ரல் மாதத் தேதி. பிளஸ் டூ ரிசல்ட்டே வராத நேரத்தில், ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு, அதாவது நிர்வாகமே நிரப்பும் இடத்துக்கு, 40,000 ரூபாய் அட்வான்ஸ். எந்தப் பாடப்பிரிவு என்று ரசீதில் எழுதக்கூட இல்லை.

"லேட் பண்ணினா சீட் போயிடும்னாங்க சார்."

போகாது. நானும் ஆறு வருடம் சுயநிதிக் கல்லூரியில், அதாவது அரசு நிதி வாங்காத தனியார் கல்லூரியில், பாடம் நடத்தியவன்தான். ஏப்ரல், மே மாதங்களில் நாங்கள் வகுப்பு எடுத்ததைவிட பிளஸ் டூ பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டதுதான் அதிகம். ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று டார்கெட் உண்டு. "இன்னும் மூணு சீட்தான் இருக்கு" என்று சொல்லச் சொல்வார்கள். ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் அதே டிபார்ட்மென்ட்டில் பாதி பெஞ்ச் காலியாகக் கிடக்கும்.

அரசு நடத்தும் பொறியியல் கலந்தாய்வின் முந்தைய ஆண்டுப் பட்டியலைத் திறந்து அவரிடம் காட்டினேன். அந்தப் பெண்ணின் இட ஒதுக்கீட்டுப் பிரிவிலேயே, அவளைவிட ஒன்றரை மதிப்பெண் குறைந்த ஒருவருக்கு கோவை ஜிசிடியில், அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரியில், இடம் கிடைத்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "கவர்மென்ட் காலேஜ்ல ப்ளேஸ்மென்ட் இருக்காதுன்னு சொன்னாங்களே?" யார் சொன்னது என்றேன். அட்வான்ஸ் வாங்கியவர்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். "கோவையில தனியார்தான் சார் பெஸ்ட். பிஎஸ்ஜி டெக் தனியார்தானே?" இதை நான் கேட்காத வாரம் கிடையாது. ஐயா, கல்லூரி என்றால் அரசு, தனியார் என்று இரண்டே வகை இல்லை. நடுவில் அரசு உதவி பெறும் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. தடாகம் சாலையில் இருக்கும் ஜிசிடி 1945இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. பிஎஸ்ஜி டெக் 1951இல் தொடங்கியது, சிஐடி, அதாவது கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, 1956இல். இவை இரண்டும் அரசு உதவி பெறுபவை. கலந்தாய்வுப் பட்டியலில் மூன்றின் கோட் நம்பரும் அடுத்தடுத்துத்தான் வரும்: ஜிசிடி 2005, பிஎஸ்ஜி டெக் 2006, சிஐடி 2007. பிஎஸ்ஜி டெக், சிஐடி இரண்டையும் நடத்துவது அறக்கட்டளைதான். ஆனால் உதவி பெறும் பாடப்பிரிவுகளில் ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு நிதி வருகிறது, அதனால்தான் அங்கே கட்டணம் குறைவு. இந்தக் கல்லூரிகளின் பேரை வைத்து 'தனியார் உசத்தி' என்று முடிவு கட்டிவிட்டு, எங்கோ பைபாஸ் ஓரத்தில் இருக்கும் சுயநிதிக் கல்லூரியில் போய்ப் பணம் கட்டினால் என்ன அர்த்தம்? பெரியப்பா பணக்காரர் என்பதற்காக நமக்குக் கடன் கிடைத்துவிடுமா?

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே சில பாடப்பிரிவுகள் சுயநிதியில் நடக்கின்றன. பட்டியலில் பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்று இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். கேம்பஸ் ஒன்றுதான், கட்டணம் வேறு. வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில் இதைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, அலாட்மென்ட் ஆர்டர் வந்தபின் முழிப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

அரசுக் கல்லூரியில் எல்லாமே பிரமாதம் என்று நான் சொல்லவில்லை. காலிப் பணியிடங்கள் இருக்கும். சில லேபில் இருக்கும் மெஷின்களுக்கு என் வயது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். சில அரசுக் கல்லூரிகளைவிட நன்றாக நடக்கும் சுயநிதிக் கல்லூரிகள் இதே கோவை வட்டாரத்தில் இருக்கின்றன, நானே அனுப்பியும் இருக்கிறேன். எதையும் பார்க்காமல் போர்டை மட்டும் வைத்து ஒப்பிடுவதுதான் எனக்கு ஆகாது.

எதைப் பார்ப்பது? பேனரில் போட்டிருக்கும் 'ஹையஸ்ட் பேக்கேஜை' முதலில் மறந்துவிடுங்கள். அது ஒரே ஒரு பையன் வாங்கியது, உங்கள் மகன் அவன் இல்லை. ஒரு மாணவன் மூன்று ஆஃபர் வாங்கினால் மூன்று வேலை என்று கணக்குக் காட்டுவதும் நடக்கிறது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம், அதாவது மீடியன், எவ்வளவு என்று தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். அந்த பிடிஎஃப் ஒரு மூலையில்தான் கிடக்கும். தேடி எடுங்கள், பத்து நிமிட வேலை. அதே மாதிரி, தரத்துக்கான அங்கீகாரத்தில் நாக் என்பது கல்லூரி முழுமைக்கும், என்பிஏ பாடப்பிரிவு வாரியாக. வாசலில் என்பிஏ என்று எழுதியிருந்தால், நீங்கள் சேரப்போகும் பாடப்பிரிவுக்கு இருக்கிறதா என்று கேட்காமல் வராதீர்கள்.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் கட்டண நிர்ணயக் குழு 2017இல் நிர்ணயித்த கணக்கு இது: சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 50,000, என்பிஏ அங்கீகாரம் உள்ள பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000, 87,000. அதே கல்லூரி, அதே பெஞ்ச். நான்கு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். பஸ், ஹாஸ்டல் தனி. சேரும் வருடத்துக்கான ஆணையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அதற்கு மேல் 'டொனேஷன்' என்று கேட்டால், 1992லிருந்தே இங்கே அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது.

லேத்காரர் வீட்டில் யாரும் டிகிரி முடித்ததில்லை. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை அந்தப் பெண்ணுக்கு உண்டு. ஆனால் கலந்தாய்வு வழியாக வந்தால்தான் அது கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்விலேயே இல்லை, அதனால் அங்கேயும் கிடையாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடத்தில் வந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் போய் அட்வான்ஸ் கட்டுகிறார்கள்! தயவுசெய்து வேண்டாம். கடன் வாங்கிக் கட்டாதீர்கள்.

இன்னொன்று. லேத்காரருடைய மகளின் ஒரிஜினல் டிசியையும் அட்வான்ஸ் வாங்கிய கல்லூரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018லேயே சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, எழுத்தில் கடிதம் கொடுக்கச் சொன்னேன். மூன்று முறை அலைந்தார். டிசி வந்தது, அட்வான்ஸ் இன்னும் வரவில்லை.

போன வாரம் அப்பாவும் மகளும் மறுபடி வந்தார்கள். சாய்ஸ் லிஸ்ட்டை நாற்பது வரிக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வரியில் 2005. ஒன்பதாவது வரியில் 'எஸ்எஸ்' இருந்ததை அவளே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.