லாப்ரடார் குட்டிக்கு ஏன் பசி அடங்குவதே இல்லை?

லாப்ரடார் குட்டியின் முன்னால் கிண்ணத்தை வைத்தால் ஒரு நிமிடம் தாங்காது. கடைசி உருண்டை உள்ளே போன பிறகும் காலிக் கிண்ணத்தைத் தரையெல்லாம் தள்ளிக்கொண்டே நக்கும். கிண்ணம் சுவரில் முட்டி நின்றதும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கும். நாலு நாள் பட்டினி கிடந்த மாதிரி இருக்கும். மனசு கேட்காமல் இன்னொரு கைப்பிடி போடுகிறோமே, வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

குட்டி நடிக்கவில்லை. பல லாப்ரடார்களுக்கு அந்தப் பசி நிஜம். 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினோர் ராஃபன் குழுவினர், இந்த இனத்தில் பி.ஓ.எம்.சி என்ற மரபணுவில் 14 டி.என்.ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாரிடம் இந்தக் குறை இருக்கிறது. உடம்பில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று மூளை தெரிந்துகொண்டு பசியைத் தணிப்பதில் இந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் வருகின்றன, அதில் ஒன்று பழுதானாலே சராசரியாக 2 கிலோ எடை கூடிவிடுகிறது.

2024-இல் அதே குழு செய்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. காலைத் தீனி கொடுத்து மூன்று மணி நேரம் கழித்து, ஓட்டை போட்ட ஒளிபுகும் டப்பாவுக்குள் ஒரு சாசேஜை வைத்து நாய்களிடம் காட்டினார்கள். வாசனை வரும், தெரியும், எடுக்க மட்டும் முடியாது. மரபணுப் பழுது உள்ளவை டப்பாவை விடாமல் வெகுநேரம் மல்லுக்கட்டின. ஆனால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை தீனி வைத்துக்கொண்டே போனபோது, அவை மற்றவற்றைவிட அதிகமாக ஒன்றும் தின்றுவிடவில்லை. வயிறு நிறைவது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இரண்டு வேளைக்கு நடுவே பசி சீக்கிரம் வந்துவிடுகிறது, அவ்வளவே. போதாக்குறைக்கு, சும்மா இருக்கும்போது இவை செலவழிக்கும் ஆற்றல் சுமார் 25 சதவீதம் குறைவு. வரவு கூடுதல், செலவு குறைச்சல். ஆகவே பசியைத் தீனிக்கு அளவுகோலாக வைத்தால் லாப்ரடார் விஷயத்தில் கணக்கு தப்பும்.

சரி, வளரும் பிள்ளைதானே, கொஞ்சம் கொழுகொழுவென்று இருந்தால் என்ன? நாய்க்குட்டியின் எலும்பு நுனிகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. லாப்ரடாரில் இவை முழுக்கக் கெட்டிப்பட ஒரு வயது தாண்டிவிடும். அதுவரைக்கும் மூட்டு இன்னும் முழுக்க உறுதிப்படாத கட்டிடம்தான். அதன்மேல் எடையை ஏற்றினால் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாக உட்காராமல் போகலாம். இந்த இனத்துக்கு அந்த நோய்களின் பரம்பரை நாட்டம் வேறு இருக்கிறது. நிதானமாக வளரும் குட்டி கடைசியில் குள்ளமாகிவிடாது. அதன் உயரத்தைப் பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கும். தீனி மாற்றுவது அந்த உயரத்தை எட்டும் வேகத்தைத்தான்.

குட்டியை ஒல்லியாக வளர்ப்பது நல்லது என்பதற்குச் சாட்சி, நாய்த்தீனி தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 14 ஆண்டுகள் நடத்திய ஆய்வு. 48 லாப்ரடார் குட்டிகளை, ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஈற்றில் பிறந்ததாக இருக்கும்படி, ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்று தின்ற அளவில் 25 சதவீதம் குறைத்து மற்றதற்கு வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. அதிகம் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டுத் தேய்மானமும் இவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. மருந்தில்லை, மாத்திரையில்லை, கிண்ணத்தில் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாலாட்டியிருக்கின்றன.

கால்சியம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாசத்தில் பலர் தப்புச் செய்யும் இடம் இது. வளர்ந்த நாயின் குடல் வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு கோணலாக வளரலாம். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த தீனி கொடுக்கிறீர்கள் என்றால் அதற்குமேல் கால்சியம் டானிக் வேண்டாம். வெறும் இறைச்சி மட்டும் போடுவது எதிர்த்திசையில் தப்பு, அதில் கால்சியம் மிகக் குறைவு.

எவ்வளவு போடுவது? மூன்று மாதத்தில் 10 கிலோ இருக்கும் குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,180 கலோரி வேண்டும் என்று பொதுவான கணக்கு சொல்கிறது. 30 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கே ஏறக்குறைய 1,430-தான். மூன்றில் ஒரு பங்கு உடம்பு, தீனியோ ஐந்தில் நாலு பங்குக்கும் மேல். நாலு மாதம் தாண்டியதும் கிலோவுக்கு ஆகும் தேவை இறங்கத் தொடங்கும். பலர் அதைக் கவனிக்காமல் பழைய கணக்கிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பையில் அச்சிட்ட அட்டவணை ஒரு தொடக்கம் மட்டுமே. கோப்பையால் அளந்தால் நாளுக்கு நாள் மாறும், சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். மூன்று நாலு மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு.

போட்டது சரியா என்று பார்க்க எடைக்கருவியைவிட விரல்கள் மேல். கையை மடக்கி விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள், விலா அப்படித் துருத்தினால் குட்டி மெலிவு. கையை விரித்து உள்ளங்கையில் விரல்களின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள், எலும்பு அப்படிப் புதைந்திருந்தால் பருமன். புறங்கையைத் தடவும்போது மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தெரிகிறதே, விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்க வேண்டும். இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். ஐந்து, ஆறு மாதத்தில் குட்டி காலும் காதுமாக ஒல்லியாகத் தெரியும், பார்ப்பவர்கள் எல்லாம் தீனி போடவில்லையா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

பயிற்சிக்குக் கொடுக்கும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும், ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. காலையிலேயே அன்றைய தீனியிலிருந்து ஒரு பிடியைத் தனி டப்பாவில் எடுத்து வைத்து, வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்தே கொடுப்பது எளிது. கருத்தடை அறுவைக்குப் பிறகு ஆற்றல் தேவை குறைந்து பசி கூடும், அந்த வாரத்திலிருந்தே அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். குட்டி ஏற்கெனவே பருத்திருந்தால் பட்டினி போடாதீர்கள். அளவில் பத்துச் சதவீதம் போல் குறைத்து இரண்டு வாரம் பொறுத்து விலாவைத் தடவிப் பாருங்கள். அது இன்னும் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது, எடை கொஞ்சம் நிதானித்தால் உயரம் வந்து பிடித்துக்கொள்ளும்.