கங்கையில் எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும்? 2018 அறிவிக்கை சொல்வது இதுதான்

நீர்மின் நிலையம் என்றதும் பெரிய அணையும் அதற்குப் பின்னால் கடல்போல் தேங்கிய நீரும்தான் நினைவுக்கு வரும். உத்தராகண்டில் கங்கையின் தலையாறுகளான பாகீரதி, அலக்நந்தாவில் இருக்கும் பல நிலையங்கள் அப்படி இருக்காது. ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை, அங்கிருந்து மலையைக் குடைந்து செல்லும் சுரங்கம், பல கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் மின்நிலையம். டர்பைனைச் சுற்றிய தண்ணீர் அங்கேதான் மறுபடியும் ஆற்றில் விழும். இடைப்பட்ட தூரத்தில், குளிர்காலத்தில், வெறும் உருண்டைக் கற்களைத்தான் ஆறு என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். மீன் எதிரேறிப் போக வழியில்லை.

இந்த இடைவெளிக்காக வந்ததுதான் 2018 அக்டோபர் 9 அன்று வெளியான மத்திய அரசின் அறிவிக்கை. தடுப்பணைக்குக் கீழே எந்தக் காலத்திலும் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணீர் ஓடியாக வேண்டும் என்று அது வரையறுத்தது. இதைச் 'சூழலியல் நீரோட்டம்' என்கிறார்கள். கங்கைக்காக உண்ணாவிரதம் இருந்த பேராசிரியர் ஜி.டி. அகர்வால் கேட்டவற்றில் இதுவும் ஒன்று. அறிவிக்கை வந்த இரண்டாம் நாள், 111 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின், அவர் இறந்தார்.

பனியாறுகள் தொடங்கி, அந்த இரண்டு ஆறுகளும் சேரும் தேவப்பிரயாகை வழியாக ஹரித்வார் வரையிலான மேல் பகுதிக்குக் கணக்கு சதவீதத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை நீர்வரத்தில் 20%, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25%, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30%. அந்தந்த நேரத்து வரத்தை வைத்து இதைக் கணக்கிடுவதில்லை. முந்தைய பத்து நாட்களின் சராசரியே அடிப்படை. ஜனவரியில் ஒரு தடுப்பணைக்குப் பத்து நாள் சராசரியாக வினாடிக்கு 50 கன மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கன மீட்டர், அதாவது சுமார் 353 கனஅடி, ஆற்றிலேயே போக வேண்டும். மிச்சம் 40 கன மீட்டரைச் சுரங்கத்துக்குள் விடலாம். ஐந்தில் நான்கு பங்கு நிலையத்துக்கே என்றால், இதை ஆற்றின் பக்கம் அதிகமாகச் சாய்ந்த விதி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஹரித்வாருக்குக் கீழே, உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் வரை, சதவீதம் கிடையாது, நேரடியாக அளவுதான். ஹரித்வாரின் பீம்கோடா தடுப்பணையில் மழைக்காலத்தில் வினாடிக்கு 57 கன மீட்டர், மற்ற மாதங்களில் 36. பிஜ்னோர், நரோரா, கான்பூர் தடுப்பணைகள் ஒவ்வொன்றிலும் மழைக்காலத்தில் 48, மற்ற மாதங்களில் 24. உன்னாவைத் தாண்டிய கங்கைக்கும் யமுனைக்கும் இந்த அறிவிக்கை பொருந்தாது. நீரோட்டத்தைப் பெரிதாக மாற்றாத மிகச் சிறிய நிலையங்களுக்கு விலக்கு உண்டு.

அணைகளை மாற்றியமைக்க முதலில் மூன்று ஆண்டு அவகாசம் தரப்பட்டது. 2019 செப்டம்பரில் அதைச் சுருக்கி, அந்த ஆண்டு டிசம்பர் 15 முதலே கடைப்பிடிக்க வேண்டும் என்றார்கள். கண்காணிப்பது மத்திய நீர் ஆணையம். காலாண்டுக்கு ஒருமுறை தூய்மை கங்கைக்கான தேசிய இயக்கத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இரண்டும் அரசு அமைப்புகள் என்பதால், உங்களுக்குத் தேவையான நிலையத்தின் பெயரையும் மாதத்தையும் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 'விதி கடைப்பிடிக்கப்படுகிறதா?' என்று கேட்டால் 'ஆம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பத்து நாள் சராசரி வரத்து எவ்வளவு, கீழே விட்டது எவ்வளவு என்று இரண்டு எண்களைக் கேளுங்கள். வகுத்துப் பார்க்கும் வேலையை நாமே செய்துகொள்ளலாம்.

2019 மார்ச்சில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கணக்கில் அரசு சேர்த்தது. ஆகவே, கற்கள் மட்டும் கிடக்கும் ஆற்றிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் பசுமை முத்திரை உண்டு.

மீறினால் என்ன ஆகும்? இந்த ஏற்பாடு 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. அதில் முன்பு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை இருந்தது. 2023 திருத்தம் அதை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. 100 மெகாவாட் நிலையம் முழு வீச்சில் ஓடினால் மணிக்கு ஒரு லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 4 ரூபாய் என்று வைத்தாலும், உச்ச அபராதத்தைக் கட்ட நான்கு மணி நேர மின்சாரம் போதும்.