படிக்கட்டு எந்தப் பக்கம் இறங்கும்?

நகரத் திட்டமிடல் என் தொழில். சென்னையில் மெட்ரோ வரப்போகும் பகுதிகளில் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஸ்டேஷன் வந்தா கிரவுண்டு என்ன விலைக்குப் போகும் சார்?" போரூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில், கடைசி வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் வேறு மாதிரி கேட்டார். "படிக்கட்டு எங்க தெருப் பக்கம் இறங்குமா, ரோட்டுக்கு அந்தப் பக்கமா தம்பி? எனக்கு முட்டி வலி. ரோட்டைத் தாண்டணும்னா நான் ஆட்டோலயே போயிடுவேன்."

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 3 வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இவ்வளவு பணமும் தண்டவாளத்துக்கும் நிலையத்துக்கும் போகிறது. வீட்டு வாசலிலிருந்து அந்தப் படிக்கட்டு வரையுள்ள தெரு யார் பொறுப்பு என்று கேட்டால், மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று நான்கு திசையில் கை நீளும்.

பறக்கும் ரயிலை நினைத்துப் பாருங்கள். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-இல் மயிலாப்பூருக்கும், 2007-இல் வேளச்சேரிக்கும் போய்ச் சேர்ந்தது. வழியின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே. கல்யாண மண்டபத்தைவிடப் பெரிய நிலையக் கட்டடங்கள், மேலே காலியாகக் கிடந்த தளங்கள், இருட்டிய பிறகு பெண்கள் தனியாக ஏறத் தயங்கும் படிகள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வீடு இருந்தால் பாலம் தேடிச் சுற்ற வேண்டும். ரயில் வந்தது. சுற்றியுள்ள தெருக்களை அதோடு சேர்க்க யாரும் திட்டம் போடவில்லை.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வரைபடத்தில் நிலையத்தின் மேல் காம்பஸை ஊன்றி 500 மீட்டருக்கு வட்டம் போடுவோம். அதற்குள் வருகிற எல்லோரும் நடந்து வந்துவிடுவார்கள் என்று கணக்கு. அந்த வட்டத்தை நம்பாதீர்கள். பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் ஒருநாள் மாலை, எழும்பி நிற்கும் நிலையத் தூண்களைப் பார்த்தபடி ஒரு குடியிருப்பிலிருந்து நடந்தேன். கண்ணுக்கு எதிரே 200 மீட்டர்கூட இருக்காது. ஆனால் இடையில் ஒரு வளாகத்தின் மதில். சுற்றிப் போனேன். நடைபாதையில் முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து ஒரு பக்கம் தூக்கி நின்ற மழைநீர் வடிகால் மூடி, அப்புறம் வரிசையாக பைக்குகள். பாதி தூரம் சாலையில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடந்தேன். போய்ச் சேர 14 நிமிடம். அந்த மதிலில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு வழி இருந்தால் மூன்றே நிமிடம்.

அந்த வழியைத் திறக்க ஏற்கெனவே ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டும்போது 10 சதவீத நிலத்தை ஓ.எஸ்.ஆர் என்ற திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் அது யாருக்கும் பயன்படாத ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நிலையத்துக்கு அருகில் உள்ள மனைகளிலாவது, அந்த நிலம் பின்தெருவையும் நிலையத்தையும் இணைக்கும் நடைவழியாக அமைய வேண்டும். கட்டி முடித்த பிறகு யாரும் மதிலை இடிக்க மாட்டார்கள். வரைபடம் ஒப்புதலுக்கு வரும்போதே கேட்டால்தான் உண்டு.

அடுத்து உயரம். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்குக்கு எஃப்.எஸ்.ஐ என்று பெயர். கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு அடிப்படை எஃப்.எஸ்.ஐ 2. அதாவது ஒரு கிரவுண்டு மனையில், 2,400 சதுர அடிக்கு 4,800 சதுர அடி வரை கட்டலாம். நிலையத்துக்குப் பக்கத்தில் இதைக் கூட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. அமெரிக்காவில் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில், ரயிலை நெடுஞ்சாலையின் நடுவே கொண்டுபோகாமல் பழைய கடைத்தெருவுக்கு அடியில் கொண்டுவரச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். நிலையத்தை ஒட்டி உயரமான கட்டடங்கள், தள்ளிப் போகப் போக உயரம் குறைந்து பழைய தனிவீடுகள் என்று திட்டமிட்டார்கள். ரோஸ்லின் நிலையம் முதல் பால்ஸ்டன் நிலையம் வரை இன்றும் அதைப் பார்க்கலாம். நம் ஊரிலோ சோழிங்கநல்லூர்ப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்காமல் மாடி ஏற்றினால், ஒவ்வொரு டிசம்பரிலும் நிலையத்துக்குப் போகும் சாலையே முழங்கால் ஆழத்தில் நிற்கும்.

உயரத்தைவிடத் தரைத்தளம் எனக்கு முக்கியம். புதிய அடுக்குமாடி என்றாலே கீழே ஸ்டில்ட், அதாவது தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தம். ஒரு தெரு முழுக்க இப்படி ஆனால் இரவு எட்டு மணிக்கு அங்கே இரும்புக் கேட்டும் இருட்டும்தான் மிச்சம். ரயிலிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்கு விளக்கெரியும் ஒரு மருந்துக்கடை, ஒரு டிபன் கடை, இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர் என்று ஆள் நடமாட்டம் வேண்டும். அந்தக் கடைக்காரர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள். வாடகை ஏறினால் முதலில் போகிறவர்களும் அவர்கள்தான். சிறு கடைகளுக்கும் சிறு வீடுகளுக்கும் ஒரு பங்கு என்று திட்டத்திலேயே எழுதாவிட்டால் அவர்களைத் தக்கவைக்க வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ, 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) தயாரிக்கிறது. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்டு அறிவிப்பு வரும். "எங்கள் பகுதிக்கு வசதி செய்து தாருங்கள்" என்ற மனு கோப்போடு போய்விடும். ஆகவே மாலை ஆறரை மணிக்கு, வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரோடு நிலையம் வரை நடந்து பாருங்கள். எங்கே சாலையில் இறங்க நேர்ந்தது, எந்த மதில் சுற்ற வைத்தது, எத்தனை நிமிடம் ஆனது என்று தெருப் பெயரோடு குறியுங்கள். ஒரு தாளில் கையால் வரைந்த படம் போதும்.

போரூரில் அந்த அம்மாவின் தெருவில் அப்படித்தான் செய்தோம். அவர் கைத்தடியோடு முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால் குறித்துக்கொண்டே போனோம். சாலையைத் தாண்டும் இடத்தில் ஆறு நிமிடம் நின்றோம். மனுவில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்கிறோம்.