கிட் பெட்டியில் 95 சதவீதம்: யார் மூக்கில் எடுத்த கணக்கு?

கொரோனா ஆன்டிஜென் கிட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தக் காத்திருப்பு நினைவிருக்கும். மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி, குழாயில் இருக்கும் திரவத்தில் கலக்கி, பட்டையில் சில சொட்டு விட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

உள்ளே நடப்பது இதுதான். மை ஒற்றும் தாளில் மை ஊறுவதுபோல் திரவம் நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் ஊறிப் போகும். வழியில் வைரஸைப் பிடிக்கும் புரதங்களான ஆன்டிபாடிகள் காத்திருக்கும். பல கிட்களில் அவற்றோடு ஒட்டியிருப்பவை தங்க நுண்துகள்கள். அசல் தங்கம்தான்; அந்த அளவுக்குப் பொடியானால் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். வைரஸ் புரதம் (அதுதான் ஆன்டிஜென்) வந்தால் அதைப் பற்றிக்கொண்டு 'டி' (டெஸ்ட்) கோட்டில் போய் மாட்டிக்கொள்ளும்; நமக்குத் தெரியும் கோடு அதுதான். 'சி' (கன்ட்ரோல்) கோடு வந்தால் டெஸ்ட் சரியாக எடுத்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். திரவம் அதுவரை ஒழுங்காக ஓடியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. குச்சியை மூக்கு நுனியில் சும்மா தொட்டு எடுத்திருந்தாலும் 'சி' வரும்.

சரி, பெட்டியில் 95 சதவீதம் என்று போட்டிருந்தால், இந்தப் பட்டையை எவ்வளவு நம்பலாம்? 2020 ஜூனில் தென்கொரிய நிறுவனம் ஒன்றின் கிட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) எய்ம்ஸும் சோதித்தன. தொற்று இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்னது 99.3 முதல் 100 சதவீதம். இதை ஸ்பெசிஃபிசிட்டி என்பார்கள். தொற்று உள்ளவர்களைக் கண்டுபிடித்தது, அதாவது சென்சிட்டிவிட்டி, 50.6 முதல் 84 சதவீதம். அதனால்தான் பாசிட்டிவ் வந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் எடுங்கள் என்று அப்போது சொன்னார்கள்.

ஒரே கிட்டுக்கு 50-உம் 84-உம் எப்படி? விடை வைரஸின் அளவில் இருக்கிறது. பிசிஆர் வைரஸின் மரபணுவை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். எத்தனையாவது சுற்றில் தென்படுகிறது என்பதே சிடி மதிப்பு. சிடி 20-க்கும் 30-க்கும் பத்து சுற்றுதான் வித்தியாசம், ஆனால் வைரஸ் அளவில் சுமார் ஆயிரம் மடங்கு. பட்டைக்குப் பெருக்கும் வித்தை தெரியாது. இருப்பதை வைத்துத்தான் கோடு போட வேண்டும்.

இங்கேதான் மதிப்பீட்டில் கை வைக்க இடமிருக்கிறது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் ஆட்களாகப் பார்த்துச் சேர்த்தால் எந்தக் கிட்டும் ஜொலிக்கும். பிசிஆர் முடிவு தெரிந்தவரே பட்டையையும் படித்தால், ட்யூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும் மங்கல் கோடுகூடப் பளிச்சென்று தெரிந்துவிடும். மனிதக் கண் அப்படி. அப்புறம் எண்ணிக்கை: தொற்றுள்ள 20 பேரில் 19 பேரைக் கண்டுபிடித்தாலும் 95 சதவீதம்தான். ஆனால் அவ்வளவு சின்னக் கூட்டத்தில் உண்மையான திறன் 75 சதவீதமாகக்கூட இருக்கலாம். பெட்டியில் இருக்கும் எண்ணைவிட, எத்தனை பேரிடம், எத்தனையாவது நாளில் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். சென்சிட்டிவிட்டி 70, ஸ்பெசிஃபிசிட்டி 99 என்று வைத்துக்கொள்வோம். அலை உச்சத்தில் 10,000 பேரில் 1,000 பேருக்குத் தொற்று என்றால், 700 பேர் சரியாகவும் 90 பேர் தவறாகவும் பாசிட்டிவ் ஆவார்கள். அலை ஓய்ந்து 50 பேருக்கு மட்டுமே தொற்று இருக்கும்போது அதே கிட் 35 பேரைச் சரியாகவும், கிட்டத்தட்ட 100 பேரைத் தவறாகவும் பாசிட்டிவ் என்று சொல்லும். பாசிட்டிவ் வந்த நாலு பேரில் மூன்று பேருக்கு ஒன்றும் இல்லை!

நெகட்டிவ் பக்கத்துச் சிக்கலுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022 ஆகஸ்டில் சொன்ன வழி, மறுபடி எடுப்பது. அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, இல்லாவிட்டால் மூன்று முறை. முதல் நாள் கோடு போடப் போதாமல் இருந்த வைரஸ் இரண்டு நாளில் பெருகியிருக்கும் என்பதுதான் கணக்கு.