அண்ணப்பிளவு சிகிச்சை: ஒரே மேசையில் எடுக்கப்படும் முடிவுகள்

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப்பிளவோடோ, வாயின் மேற்கூரையான அண்ணத்தில் பிளவோடோ பிறக்கிறது. கருவின் முகம் உருவாகும் முதல் மூன்று மாதங்களில், இருபுறமிருந்தும் வளர்ந்துவரும் திசுக்கள் நடுவில் சேராமல் நின்றுவிடுவதால் இப்பிளவு ஏற்படுகிறது. பார்ப்பவர்களுக்கு அது தைத்து மூட வேண்டிய ஓர் இடைவெளியாகத்தான் தெரியும். ஆனால் பால் குடிப்பது, கேட்பது, பேசுவது, பல் முளைப்பது, மேல்தாடை வளர்வது ஆகிய அனைத்தையும் அது பாதிக்கிறது. அதைவிடச் சிக்கலானது, இவற்றில் ஒன்றுக்கு நல்லதாக அமையும் சிகிச்சை இன்னொன்றுக்குக் கெடுதலாக முடியலாம் என்பதே.

அண்ணத்தைச் சீக்கிரம் மூடினால் பேச்சு தெளிவாக வர வாய்ப்பு அதிகம். அண்ணப்பிளவு மட்டும் உள்ள குழந்தைகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஆறாவது மாதத்தில் அறுவை செய்யப்பட்டவர்களில் 8.9 விழுக்காட்டினருக்கும், பன்னிரண்டாவது மாதத்தில் செய்யப்பட்டவர்களில் 15 விழுக்காட்டினருக்கும், பேசும்போது அண்ணத்தின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணம் மூக்கின் பாதையைச் சரியாக மூடாத குறை ஐந்து வயதில் காணப்பட்டது. மறுபுறம், அறுவையின் தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் என்பதையும், அவ்வளவு சிறிய குழந்தைக்கு மயக்கமருந்து கொடுப்பது எல்லா இடங்களிலும் எளிதல்ல என்பதையும் சேர்த்தே நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. இந்த முடிவை அறுவை மருத்துவர் தனியாக எடுக்க முடியாது.

அமெரிக்காவின் லங்காஸ்டர் நகரில் 1938இல் ஹெர்பர்ட் கூப்பர் என்ற பல் சீரமைப்பு நிபுணர் பல துறையினரையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தொடங்கிய மருத்துவமனை, குழுவாகக் கூடி முடிவெடுக்கும் முறைக்கு முன்னோடி. இத்தகைய மருத்துவமனையில் குழந்தை ஒரே நாளில் அனைத்து நிபுணர்களிடமும் காட்டப்படுகிறது. பேச்சுப் பயிற்சியாளர் மூக்கின் கீழே ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சில சொற்களைச் சொல்லச் சொல்கிறார். 'மாமா' என்றால் கண்ணாடியில் ஆவி படிவது இயல்பு. 'பாப்பா' என்றாலும் படிந்தால் வாயில் தேங்க வேண்டிய காற்று மூக்கு வழியே கசிகிறது என்று பொருள். நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழாயைத் திறப்பவையும் அண்ணத்தின் தசைகளே. ஆகவே இக்குழந்தைகள் பலருக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்கிறது. கேட்கும் திறனைச் சோதிக்காமல் பேச்சுக் குறைக்கு அண்ணத்தை மட்டும் காரணம் சொல்ல இயலாது.

ஈறு எலும்பிலும் பிளவு இருந்தால், பெரும்பாலும் எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையில், இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை அங்கே வைத்து நிரப்புகிறார்கள். வயதைவிட, கோரைப்பல்லின் வேர் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்பதே நாளைத் தீர்மானிக்கிறது. எக்ஸ்ரேயில் அதைப் பார்த்து, தேவைப்பட்டால் மேல்தாடையை முன்கூட்டியே விரித்து வைப்பவர் பல் சீரமைப்பு நிபுணர். அவர் சொல்லும்வரை அறுவை மருத்துவர் காத்திருக்கிறார். மண்டை எலும்பின் இணைப்புகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் வேறொரு குறையுள்ள குழந்தைகளுக்கு நரம்பியல் அறுவை மருத்துவரும் கண் மருத்துவரும் இதே மேசைக்கு வருகிறார்கள்.

பரிசோதனைகள் முடிந்ததும் குழுவினர் கூடிப் பேசி ஒரே திட்டத்தை எழுதிக் குடும்பத்திடம் கொடுக்கிறார்கள். இக்குழுவில் எவரையும்விட இன்றியமையாதவர் ஒருங்கிணைப்புச் செவிலியர் என்றே நான் கருதுகிறேன். பிறந்த சில நாட்களில் உறிஞ்சிக் குடிக்க முடியாத குழந்தைக்கு அழுத்தினால் பால் வரும் புட்டியைக் கொடுத்துப் பழக்குவதிலிருந்து, வராமல் போன குடும்பத்தைத் தொலைபேசியில் அழைப்பதுவரை அவர் பொறுப்பில் இருக்கிறது.

பிரிட்டனில் 57 மருத்துவமனைகள் இச்சிகிச்சையை அளித்துவந்தன. பலவற்றில் ஆண்டுக்கு ஒருசில குழந்தைகளே வந்தார்கள். விளைவுகள் பிற ஐரோப்பிய மையங்களைவிடப் பின்தங்கியிருப்பதைக் கண்ட அரசுக் குழு, 1998இல் அவற்றை எட்டு முதல் பதினைந்து மையங்களாகச் சுருக்கப் பரிந்துரைத்தது. குழந்தைகள் குவியும் இடத்தில் கைத்தேர்ச்சி கூடும். ஒரே வயதில் ஒரே முறையில் பேச்சைப் பதிவு செய்து மையங்களை ஒப்பிடவும் முடியும். இதனால் பயணத் தொலைவு கூடியதால், செவிலியர்கள் வீட்டுக்கே செல்வதும், பேச்சுப் பயிற்சி ஊருக்கு அருகில் நடப்பதும் இந்த ஏற்பாட்டின் பகுதியாயின.

தாடை வளர்ச்சி நின்றபின் சிலருக்கு மேல்தாடையை முன்னகர்த்தும் அறுவை தேவைப்படலாம். அதற்குள் அவர் பதினேழு, பதினெட்டு வயதை எட்டியிருப்பார். உளவியலாளர் அவரிடம் பெற்றோர் இல்லாமல் தனியே பேசி, இன்னோர் அறுவை அவருக்கு வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று அவர் சொன்னால் குழுவின் திட்டம் அதற்கேற்ப மாற்றி எழுதப்படுகிறது.