பெரிய எஞ்சினும் பொனட் இடைவெளியும்: நிற்கும் காரில் அளந்தால் போதாது

சென்ற ஆண்டு வெப்பமான கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த நாட்களில், திருகோணமலையில் உள்ள என் கராஜுக்கு 1970களில் தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. அதன் சொந்த 1798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, 3528 சிசி ரோவர் வி8 எஞ்சினை வேறோர் ஊரில் பொருத்தியிருந்தார்கள். "அண்ணை, பொனட் நல்லா மூடுது. மிதிச்சு எடுக்கேக்க மட்டும் மேல என்னவோ தட்டுது" என்றார் கொண்டுவந்த இளைஞர். பொனட்டைத் திறந்து அதன் உட்புறத்தை டோர்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் எயார் கிளீனரின் மூடியை இறுக்கும் நட்டுக்கு நேர் மேலே, ஒரு நாணயத்தின் அளவுக்குப் பெயின்ற் தேய்ந்து தகடு பளபளத்தது. அதே இடத்தின் வெளிப்புறத்தில் நுண்ணிய வெடிப்புகள் சிலந்தி வலைபோலப் பரவியிருந்தன.

பொனட் மூடுகிறது என்பதையே இடைவெளி போதும் என்பதற்குச் சான்றாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சின் சட்டத்தோடு ஒட்டிப் பிறந்த பொருளன்று. மவுண்டிங் எனப்படும் இறப்பர் தாங்கிகளின் மேல் அது மிதந்துகொண்டிருக்கிறது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஒரு திசையில் சுழலும்போது அதன் எதிர்விசை எஞ்சின் உடலை மறுதிசையில் திருப்புகிறது. நீளவாக்கில் அமர்ந்து, முன்னிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றும் எஞ்சினில், முன்செல்லும் கியரில் வேகமாக மிதிக்கும்போது காரின் இடப்பக்கம் மேலெழும். எஞ்சினின் முறுக்குவிசை கூடக்கூட இந்த எழுச்சியும் கூடும். ஆகவே சிறிய எஞ்சினுக்குப் போதுமாக இருந்த அதே இடைவெளி, பெரிய எஞ்சினுக்குப் போதும் என்று எண்ணுவது தவறு.

அந்தக் காரின் எயார் கிளீனர் மேல் பிளாஸ்டிசின் களிமண் உருண்டைகளை வைத்து, பொனட்டில் ஒட்டாதிருக்க மெல்லிய பொலித்தீன் தாளால் மூடி, பொனட்டை மெதுவாகச் சாத்தித் திறந்தேன். மிகவும் நசுங்கிய இடத்தில் 11 மில்லிமீற்றர் தடிப்பு இருந்தது. பின்னர் புதிய உருண்டைகளோடு அருகிலுள்ள கன்னியா வரை ஓட்டிச் சென்று திரும்பி வந்து பார்த்தபோது, நட்டுக்கு மேலிருந்த உருண்டை கடதாசிபோல் மெலிந்து நடுவில் துளைவிட்டிருந்தது. நின்றபோது இருந்த 11 மில்லிமீற்றரும் வீதியில் காணாமற்போயிருந்தது. நின்ற நிலையில் 20 முதல் 25 மில்லிமீற்றர் வரை இருந்தாலொழிய நான் எந்தக் காரையும் வெளியே விடுவதில்லை. ஓடிய பின்னும் பிளாஸ்டிசினில் கணிசமான தடிப்பு மிஞ்ச வேண்டும்.

அங்கே இன்னொரு குறையும் ஒளிந்திருந்தது. பொனட்டை வெட்டித் தரும்படி கேட்டுத்தான் அந்த இளைஞர் வந்திருந்தார். எஞ்சினின் இடப்பக்கத்தைக் கடப்பாரையால் மெல்ல நெம்பியபோது அது தடையின்றி எழுந்தது. எஞ்சினின் மேல்மூடியான ரொக்கர் கவரிலிருந்து கசிந்த ஒயில் பல மாதங்களாக ஊறி, இடப்பக்க மவுண்டிங்கின் இறப்பரை இரும்பிலிருந்து பிரித்துவிட்டிருந்தது. நான் பொனட்டை மட்டும் வெட்டியிருந்தால் தட்டும் சத்தம் நின்றிருக்கும், ஆபத்து நின்றிருக்காது. மவுண்டிங் அறுந்த எஞ்சின் எழும்பும்போது அக்சிலரேற்றர் இணைப்பை இழுத்துத் திறந்தபடி சிக்கவைக்கக்கூடும். அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் இதே காரணத்துக்காக ஏறத்தாழ 67 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்து, எஞ்சின் எழும்பாதபடி பிடித்துவைக்கும் கம்பிவடம் பொருத்திக் கொடுத்தது. ஆகையால் பொனட்டில் தேய்மானம் கண்டால் முதலில் மவுண்டிங்கைச் சோதியுங்கள்.

இடைவெளி குறைவென்று உறுதியான பின்னர் அதை எங்கே தேடுவது என்பதில் அவசரம் கூடாது. எம்.ஜி. நிறுவனமே இதற்கு இரண்டு விடைகளைக் காட்டியிருக்கிறது. 1967இல் வந்த எம்.ஜி.சி.யில் 2912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின் அடங்காததால் பொனட்டை அகலமாகப் புடைக்கவைத்து, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்காக அதன் மேல் துளி வடிவில் இன்னொரு சிறு புடைப்பையும் வைத்தார்கள். 1973இல் வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8இலோ, காபரேற்றர்கள் இரண்டையும் எஞ்சினின் பின்புறம் தள்ளிவைக்கும் தனி மேனிஃபோல்டை, அதாவது கலவையை எஞ்சினுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதியைச் செய்து, பழைய பொனட்டையே மாற்றமின்றிப் பயன்படுத்தினார்கள். இரண்டாவது வழியே என் மனத்துக்கு உகந்தது. ஆனால் அந்த வகைக் கார்கள் மொத்தம் 2591 மட்டுமே தயாரிக்கப்பட்டதால், அந்த மேனிஃபோல்ட் இங்கே கைக்கெட்டுவது அரிது.

எஞ்சினைக் கீழே இறக்கினால் தீருமே என்பார்கள். இறக்கும் ஒவ்வொரு மில்லிமீற்றரையும் வேறோர் இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப், காரின் குறுக்குச் சட்டமான குரொஸ் மெம்பரில் முட்டும். அதற்கும் கீழே தொங்கினால் வீதியின் முதல் வேகத்தடையிலேயே உடைந்து ஒயில் முழுவதையும் கொட்டிவிடும். முன்புறத்தை மட்டும் இறக்கினால் கியர்பொக்ஸின் வால் மேலெழுந்து, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புறொப்பலர் ஷாப்ற்றின் இரு முனைக் கோணங்களும் ஒன்றோடொன்று ஒவ்வாமல் அதிர்வு பிறக்கும். ஸ்டியரிங் தண்டுக்கும் எக்ஸ்சோஸ்ற் குழாய்க்கும் இடையிலுள்ள இடமும் குறையும்.

எயார் கிளீனரைக் கழற்றி எறிவதோ, அதன் மூடியைக் காபரேற்றரின் வாயோடு ஒட்ட இறக்குவதோ ஒருபோதும் தீர்வாகாது. மூடி நெருங்கினால் காற்று திணறி எரிபொருட்கலவை குழம்பும். கிளீனரே இல்லாவிட்டால் புழுதி சிலிண்டரை அரிப்பதோடு, காபரேற்றர் பின்னோக்கி வெடிக்கும்போது எழும் தீச்சுவாலையைத் தடுக்கவும் எதுவும் இராது. காபரேற்றருக்கு அடியிலுள்ள வெப்பத்தடுப்புத் துண்டை எடுத்து 10 மில்லிமீற்றர் மிச்சம்பிடித்தவர்களையும் கண்டிருக்கிறேன். கச்சான் அடிக்கும் நண்பகலில் பெற்றோல் கொதித்து, கந்தளாய் வீதியோரத்தில் காத்திருக்க நேர்ந்தவர்கள் அவர்கள். பின் கீலுக்கடியில் வாசர் வைத்துப் பொனட்டின் பின்விளிம்பை உயர்த்துவதும் பரவலாக நடக்கிறது. முன் கண்ணாடியின் அடிவாரம் ஓடும்போது காற்றழுத்தம் மிகுந்த இடம் என்பதால், வெப்பம் வெளியேறுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே புகுவதும், எஞ்சின் புகை காரினுள் வருவதும் நேரலாம்.

பொனட்டில் புடைப்பு வைப்பதென்று முடிவானால், வேலையைத் தகட்டுவேலையில் திறமையான டிங்கர் பாஸிடமே கொடுங்கள். உட்புறத்திலுள்ள குறுக்குப் பட்டிகள் பொனட்டின் எலும்புகள். வெட்டிய பட்டிக்குப் பதில் புடைப்பைச் சுற்றிச் செல்லும் புதிய பட்டி வைக்காவிட்டால், வேகத்தில் தகடு படபடத்துப் பூட்டின் பிடி தளரும். எம்.ஜி.பி.யின் பொனட் பின்புறம் கீலுள்ளது. பூட்டு விட்டால் காற்று அதைத் தூக்கி முன் கண்ணாடியில் அறையும். இரண்டாம் பாதுகாப்புக் கொக்கி இல்லாமல் அந்தக் காரை வாசலுக்கு வெளியே எடுக்கக்கூடாது. தொடக்ககால எம்.ஜி.பி.களின் பொனட் அலுமினியம் என்பதையும் மறக்க வேண்டாம். அதன்மேல் இரும்புப் புடைப்பை ரிவிற் அடித்துப் பொருத்தினால், நமது உப்புக்காற்றில் இரு உலோகங்களும் சேரும் விளிம்பில் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். முன்நோக்கித் திறந்த காற்றுவாய் அழகாக இருக்கலாம். மார்கழி மழையில் அது நீரைக் காபரேற்றருக்கே ஊற்றும். நான் மூடிய புடைப்பையே வைக்கிறேன்.

எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் பதிவுசெய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

அந்த இளைஞரின் காருக்கு முதலில் ஒயில் கசிவை அடைத்து, இரண்டு மவுண்டிங்குகளையும் புதிதாக மாற்றினோம். மீண்டும் கன்னியா வரை ஓடியபோது பிளாஸ்டிசினில் 4 மில்லிமீற்றர் மிஞ்சியது. தொடவில்லை என்றாலும் அது போதாது. பின்னர் 20 மில்லிமீற்றர் உயரப் புடைப்பும், அதைச் சுற்றிப் புதிய பட்டியும் வைத்து, பெயின்ற் அடிக்காத வெறுந்தகட்டோடு மூன்றாம் முறை ஓட்டினோம். மிக மெலிந்த இடத்தில் 23 மில்லிமீற்றர் இருந்தது. அன்று மாலைதான் பொனட்டைப் பெயின்ற் வேலைக்கு அனுப்பினேன்.