கொப்பிபுக்: நகலா, மூலமா?

மட்டக்களப்பில் ‘கொப்பி’ என்று கேட்டால் கடைக்காரர் நகல் எடுத்துத் தரமாட்டார். சிங்கிள் றூளா டபுள் றூளா என்று கேட்பார். கணினிக்குச் செய்நிரல் எழுதும் கோபோல் மொழியில் ‘கொப்பிபுக்’ எனப்படுவதற்கும் இந்தப் பாடசாலை வாசனை உண்டு. ஆங்கிலத்தில் அச்சொல் முதலில் குறித்தது, மேல்வரியில் அழகாக அச்சிட்ட எழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கீழே எழுதிப் பழகும் புத்தகத்தையே. அதாவது நம்முடைய உறுப்பெழுத்துக் கொப்பியை. வேர்ச்சொல்லான ‘கோப்பியா’ இலத்தீனில் பெருக்கத்தைக் குறித்தது. இடைக்காலத்தில்தான் அதற்கு எழுதியெடுத்த படி என்னும் பொருள் வந்தது.

1959இல் தொடங்கிய முயற்சியின் பயனாக உருவான கோபோலில், கோப்பொன்றின் பதிவு எப்படி அமைந்துள்ளது, எண், பெயர் என வரும் எந்தப் புலத்துக்கு எத்தனை எழுத்திடம் என்பதைத் தரவுப் பிரிவில் எழுத வேண்டும். ஒரே உறுப்பினர் கோப்பை இருபது செய்நிரல்கள் திறக்குமானால், அதே விவரத்தை இருபது தடவை எழுத நேரும். அதைத் தனிக் கோப்பொன்றில் ஒருமுறை எழுதி வைத்து, வேண்டிய இடத்தில் ‘கொப்பி’ என்ற கட்டளையோடு அதன் பெயரைக் குறித்தால், செய்நிரலை இயங்கு வடிவாக்கும் தொகுப்பான் அவ்வுரையை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்தத் தனிக் கோப்பே கொப்பிபுக். கோப்பைத் திறத்தல், அது சரியாக நடந்ததா என்று காட்டும் நிலைக்குறியைச் சோதித்தல், மூடுதல் போன்ற பொதுச் செய்முறைகளையும் இவ்வாறு வைக்கலாம். ஆனால் இது துணைநிரலை அழைப்பது போன்றதன்று. துணைநிரல் தனியே நின்று, அழைக்கும்போது இயங்குகிறது, கொப்பிபுக்கின் உரையோ தொகுக்கப்பட்ட அன்றைய வடிவிலேயே ஒவ்வொரு செய்நிரலுக்குள்ளும் உறைந்துவிடுகிறது.

இந்த வேறுபாடு எங்கே கடிக்கும் என்பதற்கு இலங்கையில் நமது அடையாள அட்டையே போதும். பழைய எண் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாகப் பத்து இடம் கொண்டது; 2016 முதல் வழங்கப்படும் எண் 12 இலக்கம் கொண்டது. கூட்டுறவுச் சங்கமொன்றின் உறுப்பினர் பதிவில் எண்ணுக்குப் பத்து இடம், அதையடுத்துப் பெயர் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைப் பன்னிரண்டாக்கிப் பதிவின் நீளத்தையும் கூட்டினால், மீளத் தொகுக்கப்படாத செய்நிரல் கோப்பைத் திறக்கும்போதே பெரும்பாலும் கோப்பின் அமைப்பு பொருந்தவில்லை என்னும் 39 என்ற நிலைக்குறி வந்து நின்றுவிடும், அது நல்லது. கெட்டிக்காரர் ஒருவர் பதிவின் இறுதியிலுள்ள வெற்றிடத்தில் இரண்டைக் கழித்து நீளத்தை மாற்றாமல் விட்டால்தான் வில்லங்கம். பிழையில்லை என்னும் பொருளில் நிலைக்குறி 00 என்று வரும், கோப்பு திறக்கும், அறிக்கையும் அச்சாகும். ஆனால் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பெயருக்கு முன்னால் ஒட்டி ‘47தங்கராசா’ என்று நிற்கும்.

ஆகவே இதனை ‘நகல் நூல்’ என்று மொழிபெயர்ப்பது சொல்லைப் பிடித்துப் பொருளை விடுவதாகும். பகிரப்படுவது நகலன்று, நகல்களுக்கெல்லாம் மூலமானது. எழுதிப் பழகுவோருக்கு மேலே எழுதி வைக்கும் மாதிரிக்குத் தமிழில் ‘மேல்வரிச்சட்டம்’ என்ற அருமையான பழஞ்சொல் உண்டு. கொப்பிபுக்கின் முதற்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. எனினும் இன்று ‘சட்டம்’ என்றதும் நீதிமன்றமே நினைவுக்கு வருவதால் அதனை முன்மொழியத் தயங்குகிறேன். பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்தது படியோலை, அதாவது அடிமையோலையின் நகல். முதியவராக வந்த இறைவன் மூலவோலையைத் தனியே வைத்திருந்தார். அந்தப் பாகுபாட்டை ஒட்டி ‘மூலப்படி’ என்பது தகும். ‘உறுப்பினர் மூலப்படி மாறிவிட்டது, மூன்று செய்நிரல்கள் இன்னும் மீளத் தொகுக்கப்படவில்லை’ என்று எழுதினால், எது மூலம், எவை பழைய படியோடு நிற்கின்றன என்பது சொல்லிலேயே விளங்கும். பேச்சில் கொப்பிபுக் என்றே இருக்கட்டும்.